அம்பர் எண்ணெயில் இனிப்பு இல்லை, கீல் நெடிதான் வருகிறது: சரக்கில் குறையா, என் எதிர்பார்ப்பில் குறையா?

வினா: வேர்மணம்

அனைவருக்கும் வணக்கம். வெட்டிவேர், சந்தனம், கோரைக்கிழங்கு, பச்சோலி போன்ற இயற்கை எண்ணெய்களை மட்டும் வைத்துக்கொண்டு, செயற்கை வாசனைப் பொருள் எதையும் சேர்க்காமல், சிறு அளவில் வாசனைத் தைலங்கள் கலந்து வருகிறேன். கடையில் விற்கும் 'ஆம்பர்' வகை வாசனைகளின் இதமான இனிப்பு எனக்கு நெடுநாளாகப் பிடிக்கும் என்பதால், 'புதைபடிவ அம்பர் எண்ணெய்' என்ற பெயரில் 10 மில்லி வாங்கினேன். குப்பியைத் திறந்ததும் எரிந்த கட்டை, தோல் பதனிடும் இடம், மரக்கலத்துக்குப் பூசும் கீல் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்து மூக்கில் அடித்தன. இனிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஒற்றுத்தாளில் ஒரு துளி விட்டு வைத்தேன். மூன்றாம் நாளும் அந்தப் புகை வாசம் தாளை விட்டு நீங்கவில்லை.

இது கலப்படச் சரக்கா, அல்லது இதன் இயல்பே இதுதானா? இயல்பே இதுவானால், வெட்டிவேரும் சந்தனமும் அடித்தளமாக உள்ள ஒரு கலவையில் இதை எந்த அளவில் சேர்க்கலாம்? நெருப்பில் கருக்கி எடுக்கும் ஒரு பொருளை இயற்கை வாசனைப் பொருள் என்று சொல்லி விற்பது முறையா என்பதையும் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1: வாலைக்காரன்

உங்கள் குப்பியில் கீல் நெடி வருவதே அது பெரும்பாலும் உண்மையான சரக்கு என்பதற்கு முதல் அறிகுறி. வனிலாவும் தேனும் மணந்திருந்தால்தான் ஐயப்பட்டிருக்க வேண்டும். குழப்பத்துக்குக் காரணம் பெயர். 'அன்பர்' என்ற அரபுச் சொல் முதலில் குறித்தது ஸ்பெர்ம் திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கடலில் மிதந்து வரும் பொருளை. பின்னர் ஐரோப்பிய மொழிகளில் அதே சொல், கடற்கரையில் ஒதுங்கும் மஞ்சள் நிறப் புதைபடிவப் பிசினுக்கும் ஒட்டிக்கொண்டது. வாசனைக் கடைகளில் மணக்கும் 'ஆம்பர்' இந்த இரண்டுமே அல்ல. அது மத்தியதரைக் கடலோரப் புதர்ச் செடியின் பிசினான லாப்டானம், சாம்பிராணி, வனிலா ஆகியவை சேர்ந்த ஒரு கற்பனைக் கலவை. 1874இல் வனிலின் செயற்கையாகத் தயாரிக்கப்பட்ட பிறகு பரவலானது. வடநாட்டுக் கடைகளில் சிறு கட்டிகளாகக் கிடைக்கும் 'அம்பர் பிசின்' என்பதும் தேன்மெழுகில் இவ்வகைப் பொருள்களைச் சேர்த்துக் கட்டியதே தவிர, மண்ணிலிருந்து தோண்டியது அன்று.

உண்மை அம்பரிலிருந்து எண்ணெய் எடுக்கும் முறையைப் பார்த்தால் உங்கள் மூக்கு சொன்னது சரி என்று விளங்கும். பால்டிக் அம்பர் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரப்பிசின். அந்நெடுங்காலத்தில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கல்போல இறுகிவிட்டன. மூடிய கலத்தில் காற்றுப் புகாமல் 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி, அந்தப் பின்னலையே உடைத்தால்தான் ஆவியாகும் பொருள்கள் வெளிவரும். நீராவி வடித்தலால் இது நடக்காது. அந்தச் சிதைத்து வடித்தலில் சக்சினிக் அமிலம், புளிப்பு நீர், பழுப்பு நிற எண்ணெய் ஆகியவை கிடைக்கின்றன. கலத்தில் எஞ்சும் கரிய பிசின் வார்னிஷ் செய்ய உதவியது. பால்டிக் அம்பரில் 3 முதல் 8 விழுக்காடு வரை சக்சினிக் அமிலம் உண்டு. ஜெர்மானியக் கனிமவியல் அறிஞர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா 1546லேயே அம்பரை வடித்து இந்த அமிலத்தைப் பெற்றிருக்கிறார். எனவே அம்பர் எண்ணெய் இன்றைய நாகரிகம் கண்டுபிடித்த புதுமை அன்று. 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதை அம்மோனியாச் சாரத்தோடு கலந்து, மயங்கி விழுந்தவர்களின் மூக்கருகே பிடித்துத் தெளிவித்தார்கள். அந்த நெடிக்கு எவரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஒரு செய்தியைக் கூடுதலாகக் கவனியுங்கள். புகை சற்றுத் தணிந்த பிறகு, சில நாள் கழித்து, ஒற்றுத்தாளில் கற்பூரத்தை ஒத்த ஒரு குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். பால்டிக் அம்பரில் போர்னியால் போன்ற பொருள்கள் இருப்பதால் நல்ல எண்ணெயில் அந்தச் சாயல் வரும். என் மூக்குக்கு இந்த எண்ணெயின் அழகே அதுதான். புகை அதன் வாசற்கதவு.

மறுமொழி 2: ஒற்றுத்தாள்

அளவைப் பற்றி நான் பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதன்முறை இதை வாங்கியபோது, அடித்தளப் பொருள்தானே என்று எண்ணி, 100 மில்லி சந்தனக் கலவையில் இரண்டு விழுக்காடு சேர்த்துவிட்டேன். மறுநாள் அந்தக் கலவையை முகர்ந்த என் மனைவி, எங்கே தீப்பிடித்தது என்று கேட்டார். விலை உயர்ந்த சந்தனம் முழுவதும் அந்தப் புகைக்குள் மறைந்துவிட்டது. ஆறு மாதம் ஊற வைத்தும் மீளவில்லை.

அதன் பிறகு நான் கைக்கொண்ட வழக்கம் இது. எண்ணெயை நேரடியாகக் கலவையில் விடுவதே இல்லை. ஒரு பங்கு எண்ணெயை ஒன்பது பங்கு செறிந்த எத்தனாலில் கரைத்து, ஒரு வாரம் இருட்டில் வைத்து, வடிதாளில் வடிகட்டிக்கொள்கிறேன். அந்தக் கரைசலிலிருந்தே துளித் துளியாகச் சேர்த்து, ஒவ்வொரு துளிக்கும் பிறகு ஒரு நாள் பொறுத்து முகர்கிறேன். மொத்தக் கலவையில் தூய எண்ணெயின் பங்கு 200இல் ஒன்றைத் தாண்டினால், என் அனுபவத்தில், கலவை வாசனைத் தைலமாக இராமல் புகைத் தைலமாகிவிடுகிறது. எண்ணெய்யிலேயே கலப்பவராக இருந்தால் எத்தனாலுக்குப் பதிலாகக் காய்ச்சிப் பின்னப்படுத்திய தேங்காய் எண்ணெயைப் பயன்படுத்தலாம்.

வெட்டிவேரோடு இது நன்றாகச் சேரும். வெட்டிவேரின் மண்வாசமும் இதன் தோல்வாசமும் ஒரே திசையில் போகின்றன என்பதால், அளவு குறைவாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடினம். கோரைக்கிழங்கு எண்ணெயிலும் புகைச்சாயல் இருப்பதால், அதையும் இதையும் சேர்த்துப் போட்டால் கனம் மிகுந்துவிடும், ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை, தாழை போன்ற பூக்களோடு சேர்ப்பதை நான் விட்டுவிட்டேன். நீங்கள் தேடிய இனிப்பு வேண்டுமானால், லாப்டானத்தையும் சாம்பிராணிக் கரைசலையும் முதன்மையாக வைத்து, கொஞ்சம் வனிலாச் சாறு சேர்த்து, அம்பர் எண்ணெயை ஒரு நிழல் அளவுக்கு மட்டும் விடுங்கள். திகட்டும் இனிப்பை இந்தப் புகை அழகாக வெட்டிக்கொடுக்கும்.

மறுமொழி 3: கருங்குங்கிலியம்

'இயற்கையா' என்ற கேள்விக்கு என் கருத்து இது. பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 9235 என்ற எண்ணுள்ள, வாசனை எண்ணெய்களுக்கான வரையறை, தாவரப் பொருளிலிருந்து நீராவியால் வடித்தது, எலுமிச்சை வகைத் தோலிலிருந்து பிழிந்தது ஆகியவற்றோடு, நீர் சேர்க்காமல் உலர வடித்ததையும் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே கருக்கி வடித்தது என்பதற்காக மட்டும் இதைத் தள்ளிவைக்க முடியாது. நம் நாட்டிலேயே, உத்தரப் பிரதேசத்தின் கன்னோசியில் குங்கிலியத்தைக் கலத்தில் சுட்டு வடித்துச் 'சோயா ரால்' என்றும், சாம்பிராணியிலிருந்து 'சோயா லோபான்' என்றும் எடுக்கிறார்கள். அவற்றை எவரும் செயற்கை என்று சொல்வதில்லை. புதைபடிவப் பிசினுக்கும் குங்கிலியத்துக்கும் இன்னொரு உறவும் உண்டு. குஜராத்தின் வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த, 5 கோடி ஆண்டுப் பழமையான அம்பரை ஆராய்ந்தவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்தப் பிசின் சால மரம் சேர்ந்த குடும்பத்து மரங்களிலிருந்து வந்தது.

ஆனால் இயற்கை என்பதும் தீங்கற்றது என்பதும் ஒன்றல்ல. மரத்தையோ பிசினையோ கருக்கும்போது பென்சோபைரீன் போன்ற பல வளைய ஹைட்ரோகார்பன்கள் உண்டாகலாம். அவற்றுள் சில புற்றுநோயை உண்டாக்குபவை. இதனால்தான் பிர்ச் மரத் தாருக்கும், ஜூனிபர் மரத்தைக் கருக்கி எடுக்கும் கேட் எண்ணெய்க்கும், மறுபடி வடித்துத் தூய்மையாக்கியதை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும், முடிவில் விற்கும் பொருளில் இரு குறிப்பிட்ட சேர்மங்களின் கூட்டளவு நூறு கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றும் பன்னாட்டு வாசனைப் பொருள் சங்கமான இஃப்ரா விதித்திருக்கிறது. அதே நெருப்பில் பிறந்த அம்பர் எண்ணெய்க்கும் இந்த எச்சரிக்கையைப் பொருத்திக்கொள்வதே அறிவுடைமை என்பேன். கருமையாகவும் கெட்டியாகவும் உள்ள கச்சா எண்ணெயைத் தோலில் படும் பொருளில் சேர்க்காதீர்கள். தூய்மையாக்கியது வெளிர் மஞ்சளாக இருந்து, காற்றும் ஒளியும் பட்டுப் படிப்படியாகக் கருக்கும் என்பதால், நிறத்தை மட்டும் நம்பாமல் விற்பவரிடம் பகுப்பாய்வுச் சான்று கேட்டு வாங்குங்கள்.

வேர்மணம்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு அந்தப் பழைய ஒற்றுத்தாளை மறுபடி எடுத்து முகர்ந்தேன். வாலைக்காரன் சொன்ன கற்பூரக் குளிர்ச்சி மெலிதாக இருக்கிறது, முதலில் நான் கவனிக்கவே இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, 'இமயமலை அம்பர், ஒருமுறை வடித்தது' என்றார். சான்று எதுவும் இல்லையாம். என் எண்ணெய் அடர்ந்த பழுப்பு நிறத்தில் இருக்கிறது. இதை வீட்டிலேயே மறுபடி வடித்துத் தூய்மையாக்க முடியுமா?

மறுமொழி 4: வாலைக்காரன்

வேண்டாம். எளிதில் தீப்பற்றும் எண்ணெயை வீட்டு அடுப்பில் வடிப்பது ஆபத்து. அப்படியே வடித்தாலும், பகுப்பாய்வு இல்லாமல் அது தூய்மையானதா என்று உங்களால் சொல்ல முடியாது. கையிலுள்ளதை ஒற்றுத்தாளில் மூக்கைப் பழக்குவதற்கு வைத்துக்கொண்டு, தைலத்துக்குச் சான்றுள்ள சரக்கை 5 மில்லி மட்டும் வாங்குங்கள். மறுமொழி 2இல் ஒற்றுத்தாள் சொன்ன அளவில் அதுவே உங்களுக்குப் பல மாதங்கள் வரும்.