தாத்தா வீடு குழு: ஜீப் விஷயம்

அண்ணன்: [படம்]

அண்ணன்: சேஸிஸின், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தின் இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே. துரு. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன். கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது.

சித்தி: ஐயோ

அம்மா: காலையிலிருந்து இந்தத் தட்டல் சத்தம் இதற்குத்தானா? காயப்போட்ட துணியெல்லாம் துருப்பொடி.

சித்தப்பா: பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும்.

பெரியப்பா: மறையும். மறைவில் இருந்து தின்றுகொண்டும் இருக்கும். அந்தச் சேஸிஸ் நான்கு பக்கமும் மூடிய பெட்டி. தண்ணீர் வடிய அடியில் துளைகள் உண்டு. சேறு அடைத்துக்கொண்டால் ஈரம் உள்ளேயே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். ஓட்டை கண்ணுக்குத் தெரிவது கடைசிக் கட்டம். சுத்தியலால் முழு நீளமும் தட்டிப் பார். கணீரென்றால் நல்ல இரும்பு. மந்தமாகக் கேட்டால் மெலிந்துவிட்டது.

அத்தை: அண்ணா, மூச்சு விட்டுக்கொண்டு எழுதுங்கள்.

தங்கை: என்ஜின் பக்கத்தில் பூனை குட்டி போட்டிருக்கிறது. தட்டாதே!

சித்தி: எத்தனை?

தங்கை: மூன்று. ஒன்று கறுப்பு.

சித்தி: கறுப்பு எனக்கு

அண்ணன்: தட்டிவிட்டேன் பெரியப்பா. ஒரு முழம்தான் மோசம். வெட்டி எடுத்துவிட்டுத் தகடு வைக்கலாமா?

பெரியப்பா: வைக்கலாம். வெட்டுவதற்கு முன் மூலைக்கு மூலை குறுக்காக அளந்து எழுதிக்கொள். தகடு நல்ல இரும்பு வரை நீள வேண்டும். ஓரத்தைச் சாய்வாக வெட்டு, செங்குத்தாக வேண்டாம். பேட்டரி இணைப்பை எடு, டீசல் டேங்கைக் கழற்றித் தள்ளி வை. வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதே, ஸ்டாண்டு வை. இன்னொன்று, பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் செய்யாதே. சிலவற்றில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். சூட்டில் அது பாஸ்ஜீன் வாயுவாகும். 1915இல் போரில் ஆளைக் கொல்லப் பயன்படுத்திய வாயு.

அம்மா: என்ன வாயு???

அம்மா: வெல்டிங் வேண்டாம். வண்டியை விற்றுவிடுங்கள்.

சித்தப்பா: துருவின் மேல் தடவினால் கறுப்பாக மாறும் திரவம் கிடைக்கிறதே?

பெரியப்பா: அது மேல்துருவுக்கு. போன இரும்பு திரும்பி வராது.

அத்தை: அந்த வண்டியை எனக்குத் தருவதாக அப்பா சொன்னார். யாருக்காவது நினைவிருக்கிறதா?

சித்தப்பா: உங்களுக்கு ஓட்டத் தெரியாதே அக்கா.

அத்தை: தெரிந்த நீதானே சேற்றில் இறக்கிவிட்டு நடந்து வந்தாய். துளை எப்படி அடைத்தது என்று பெரிய அண்ணனிடம் கேள்.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: நான் படித்துவிட்டேன்.

அண்ணன்: கையால் தேய்த்து மாளாது. தாத்தாவின் இரும்பு தேய்க்கும் கிரைண்டர் யாரிடம்?

சித்தி: எங்கள் பரணில்.

சித்தப்பா: அப்பா எனக்குக் கொடுத்தது.

அத்தை: கொடுத்திருப்பார், கொடுத்திருப்பார்.

பெரியப்பா: சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. அழிந்தால் ஆவணத்தில் உள்ள வண்டி இதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. வெல்டிங் முடிந்து பிரைமர் அடித்ததும் பெட்டிக்குள் மெழுகு பீய்ச்ச வேண்டும். வெளியே மட்டும் அடித்தால் மறுபடி இதே கதை.

அப்பா: ஆவணம் யார் பெயரில் இருக்கிறது?

அம்மா: இவ்வளவு நேரமும் படித்துக்கொண்டுதான் இருந்தீர்களா?

அத்தை: நல்ல கேள்வி.

பெரியப்பா: அதை நேரில் பேசலாம்.

அண்ணன்: ஞாயிறு வெல்டிங்கா, இல்லையா?

பெரியப்பா: கை பழகியவர் ஒருவரை அழைத்து வருகிறேன். நீ தகட்டை மட்டும் வெட்டி வை.

அம்மா: ஞாயிறு துணி துவைக்கும் நாள்.

சித்தப்பா: கிரைண்டர் தருகிறேன். அன்று மாலையே திரும்பி வர வேண்டும்.

அத்தை: நீ எங்களுக்குத் திருப்பித் தந்த அதே வேகத்தில் வரும்.