1977 டார்க்கின் குஷிங். 2016 டார்க்கின் யார்?

பிலிம்சுருள்:
ஆங்கில நடிகர் பீட்டர் குஷிங்கின் படப் பட்டியலில் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் வந்த ‘ரோக் ஒன்’ (2016) படத்தையும் சேர்க்கிறார்கள். அவர் காலமானது 1994 ஆகஸ்ட் 11. ‘ஸ்டார் வார்ஸ்’ (1977) படத்தில் அவர் செய்த வில்லன் அதிகாரி கிராண்ட் மாஃப் டார்க்கினை, அவர் இறந்து 22 வருஷம் கழித்துக் கணினியில் மறுபடி கட்டினார்கள். குரல், நடை, நிற்கும் விதம் எல்லாம் கய் ஹென்றி என்ற இன்னொரு ஆங்கில நடிகருடையவை. முகத் தோற்றம் மட்டும்தான் குஷிங்கினுடையது. அதை அவர் கணக்கில் எழுதக் கூடாது.

காரணம் சொல்கிறேன். குஷிங் காட்சியில் வரும் பொருட்களை (ப்ராப்ஸ்) கையாண்டே பாத்திரத்தைக் கட்டியவர். படப்பிடிப்பில் அவருக்கு ‘ப்ராப்ஸ் பீட்டர்’ என்றே பெயர். டிராகுலாவை வேட்டையாடுபவராக அவர் நடித்த 1958 ‘டிராகுலா’வின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். நீளமான மேசை மேல் ஓடித் திரைச்சீலையைப் பிய்த்து வெயிலை உள்ளே விடுவது அவர் சொன்ன யோசனை. பையிலிருந்து இன்னொரு சிலுவையை எடுப்பது சலித்துவிட்டது என்று, இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்காகப் பிடித்ததும் அவர் யோசனைதான். இப்படி யோசிக்கிற ஆள் இல்லாத இடத்தில் அவர் நடிப்பு எங்கிருந்து வரும்?

கணினிக்கலை:
‘முகம் மட்டும்’ என்று ஒரு வரியில் தள்ளிவிட முடியாது, நண்பரே. வேலை நடந்த விதத்தைப் பாருங்கள்.

முதலில் தலையின் அளவு வேண்டும். பழைய பிலிமில் ஆழம் பதிவாகாது. ‘டாப் சீக்ரெட்!’ (1984) படத்தில் பூதக்கண்ணாடிக்குப் பின்னால் அவர் கண் பெரிதாகத் தெரியும் ஒரு நகைச்சுவை உண்டு. அதற்கான ஒப்பனைக்காக எடுத்த முக அச்சு கிடைத்தது, ‘ரோக் ஒன்’ படத்தின் கணினிக் காட்சிகளைச் செய்த ஐ.எல்.எம். நிறுவனம் அதை ஸ்கேன் செய்தது. ஆனால் அச்சை அப்படியே பயன்படுத்த முடியாது. 1976 படப்பிடிப்பில் அவருக்கு வயது 62, 63. அச்சில் இருப்பது 70ஐ ஒட்டிய முகம். அச்சுக் கலவையின் பாரம் கன்னச் சதையைக் கீழே இழுக்கும், கண்ணும் மூடியிருக்கும். ஆகவே 1977 படத்தின் ஷாட்களோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

அடுத்தது அசைவு. ஹென்றியின் முகத்தில் புள்ளிகள் வைத்து, தலையில் மாட்டிய சிறு கேமராக்களால் பதிவு செய்தார்கள். அதை அப்படியே குஷிங்கின் முகத்தில் ஏற்றினால் ஹென்றிதான் தெரிவார். ‘ஆ’ என்று வாய் திறக்கும்போது இருவர் உதட்டு ஓரமும் ஒரே மாதிரி போவதில்லை. அனிமேட்டர்கள் 1977 காட்சிகளைப் பார்த்துக் கையாலேயே சரிசெய்தார்கள். அந்த உதட்டசைவுக்கு மூலம் குஷிங் தானே? அது அவர் பங்கு இல்லையா?

மேடைரசிகை:
இந்தக் கேள்விக்கு குஷிங்கின் முதல் பட வேலையே பதில் சொல்கிறது. 1939இல் ஹாலிவுட் போனவருக்கு ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்’கில் வேலை கிடைத்தது. லூயிஸ் ஹேவர்டுக்கு அதில் இரட்டை வேடம். பாதி ஃபிரேமை மறைத்து எடுப்பார்கள். ஹேவர்டு ஒரு வேடத்தில் பேச, எதிரே குஷிங் மற்ற வேடத்தின் வசனத்தைச் சொல்வார். பிறகு ஹேவர்டே வந்து அந்தப் பக்கத்தையும் நடித்துவிடுவார். குஷிங் இருந்த பாதி குப்பைக்குப் போகும். (படத்தில் அவருக்குத் தனியாக ஒரு சிறு வேடமும் கொடுத்தார்கள்.)

ஹேவர்டின் நடிப்புக்கு எதிர்முனையாக இருந்தது குஷிங். ஆனாலும் இரட்டை வேடத்தின் பெயர் யாருக்குப் போனது? திரையில் நின்று நடித்தவருக்கு. அதே விதியை 2016க்கும் வையுங்கள், பெயர் ஹென்றிக்குத்தான் போக வேண்டும். மாதிரியாக இருப்பது வேறு, நடிப்பது வேறு.

கணினிக்கலை:
அந்த உதாரணம் எனக்கும் உதவுகிறது, மேடம். 1939இல் அந்த இரட்டை வேடக் காட்சிகளில் குஷிங்கின் உருவம் திரையில் ஒரு துளிகூட இல்லை. 2016இல் உருவம் முழுக்க அவர். பார்க்கிறவர் ‘குஷிங்’ என்றுதான் சொல்கிறார்.

மாற்று வழியும் முன்பே பார்த்தாயிற்று. 2005 ‘ரிவெஞ்ச் ஆஃப் தி சித்’தில் வேய்ன் பைக்ரமுக்கு ஒப்பனை போட்டு டார்க்கினாக நிறுத்தினார்கள். வசனமில்லாமல், சில விநாடி, தூரத்தில். நெருக்கமான ஷாட்டுக்கு அது தாங்காது. ஒட்டு ஒப்பனையால் முகத்தில் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. குஷிங்கின் குழிவிழுந்த கன்னத்தை அகலமான முகத்தின் மேல் எப்படி ஒட்டுவீர்கள்?

பிலிம்சுருள்:
ஒப்பனையை விடக் கணினி நெருங்கி வந்தது உண்மை. என் கேள்வி அதுவல்ல. அந்த முகம் எங்கே சறுக்கியது என்று பாருங்கள்: வெளிச்சத்தில். 1977 பாணியில் ஒளியமைத்துப் பார்த்தால் குஷிங் போலவே இருந்தது, ‘ரோக் ஒன்’ படத்துக்கான ஒளியில் வைத்ததும் சாயல் குறைந்தது என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நாம் நினைவில் வைத்திருப்பது முகத்தை மட்டுமல்ல, ஒரு குறிப்பிட்ட ஒளியில் ஒரு மனிதர் எடுத்த முடிவுகளை.

1977இல் கொடுத்த பூட்ஸ் அவர் காலுக்குச் சிறியது. வீட்டுச் செருப்போடு நடித்தார், முடிந்தவரை முழங்காலுக்கு மேல்தான் கேமரா. அப்படியும் அந்த ஆளைப் பார்த்தால் பயம் வருகிறது. உடன் நடித்த கேரி ஃபிஷர், அவரை வெறுப்பதுபோல் நடிப்பதே கஷ்டமாக இருந்தது, அவ்வளவு இனிமையானவர் என்று சொன்னார். 1954இல் பிபிசிக்காக ‘நைன்டீன் எய்ட்டி ஃபோர்’ தொலைக்காட்சி நாடகத்தில் நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்தாக நேரலையில் நடித்தவர். ஞாயிறு ஒருமுறை, அதே வாரம் வியாழன் மறுபடியும் முதலிலிருந்து. ரீடேக் கிடையாது. அந்தப் பயிற்சிதான் டார்க்கினில் நிற்கிறது.

மேடைரசிகை:
பட்டியல் போடுகிறவர்களுக்கு நடைமுறையில் ஒன்று: 2016 வரியை நடிப்புப் பகுதியில் வைக்காமல் ‘உருவம் பயன்படுத்தப்பட்டது, எஸ்டேட் (அவர் சொத்துரிமையைக் கவனிப்பவர்கள்) ஒப்புதலுடன்’ என்று தனியாகப் போடுங்கள். பக்கத்திலேயே கய் ஹென்றியின் பெயர் முழு எழுத்தில் இருக்க வேண்டும்.

கணினிக்கலை:
தனி வரி சரி. ஆனால் அந்த வரியில் அனிமேட்டர்களும் வர வேண்டும். உதட்டைத் திருத்தியவர்கள் அவர்கள். குஷிங் பெயரை எடுக்கச் சொன்னால் மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.