நெல்லைப் பக்கம் கோயில் குளம்னு சுத்துனப்போ யாரைப் பாத்தீய, என்ன சொன்னாவ? உங்க அனுபவத்தையும் போடுங்க

டவுன்காரன்:
வெளியூர்ல இருந்து வாரவங்க முக்காவாசிப் பேரு நெல்லையப்பரைக் கும்பிட்ட கையோட இருட்டுக்கடைக்கு ஓடுதாவ, குத்தம் சொல்ல முடியாது அல்வா அப்படி, ஆனா உள்ள பாக்க வேண்டியது அம்புட்டும் விட்டுப்போவுது. இந்த ஊர்லயே பொறந்த எனக்கு கோயிலைக் காட்டிக் குடுத்தது சங்கிலி மண்டபத்துல கால நீட்டி உக்காந்திருந்த ஒரு ஆச்சி. "ஏ தம்பி, சாமி கோயிலும் அம்மன் கோயிலும் முன்ன தனித்தனில்லா, இந்த மண்டபம் வந்த பொறவுதான் சேந்துச்சு"ன்னாவ. வடமலையப்ப பிள்ளையன் 1647ல கட்டுனது. அப்புறம் எந்திரிச்சு நடராசர் ஆடுத தாமிர சபைக்கே கூட்டிட்டுப் போயி, அவரு ஆடுத அஞ்சு சபையையும், சிதம்பரத்துல பொன்னு, மதுரைல வெள்ளி, ஆலங்காட்டுல ரத்தினம், குத்தாலத்துல சித்திரம், நம்மூர்ல செம்புன்னு விரல மடக்கி மடக்கி சொன்னாவ. மணி மண்டபத்துல ஒரு பையன் இசைத்தூண தட்டப் போனான், "ஏல கைய எடு, ஆளாளுக்குத் தட்டுனா கல்லு என்னத்துக்கு ஆவும்"னு ஒரு சத்தம் பாருங்க, அவன் அப்பாவே ரெண்டடி பின்னால போயிட்டாரு. கோயில் யானை காந்திமதி 2025 ஜனவரில எறந்து போனதப் பத்திப் பேச ஆரம்பிச்சதும்தான் ஆச்சிக்கு கண்ணு கலங்கிட்டு.

பாளை மைனி:
பாளையங்கோட்டைக்கு வாரவங்க ஊசிக்கோபுரத்துக்கு முன்னால செல்பி எடுத்துட்டு கெளம்பிருதாவ. அது 1826, ரேனியஸ் ஐயர்னு ஒரு மிஷனரி காலத்து சர்ச்சு, நாங்க கோயில்னுதான் சொல்லுவோம். அதுக்கு முன்னாலயே 1785ல குளோரிந்தா அம்மா கட்டுன சின்னக் கோயில் ஒண்ணு இருக்கு, நாங்க பாப்பாத்தியம்மா கோயில்னுதான் சொல்லுவோம், பிராமண வீட்டு விதவை, 1778ல சுவார்ட்ஸ் ஐயர்ங்கற மிஷனரிட்ட ஞானஸ்நானம் வாங்குனவங்க. நான் போனப்ப வெளிய ஒரு தாத்தா பெருக்கிட்டு இருந்தாவ. சபை வரலாறு பூரா மனப்பாடம். பேச்சு எங்கயோ போயி தசராவுக்கு வந்துட்டு, 12 அம்மன் சப்பரமும் ராத்திரி வரிசையா நிக்கத பாத்தியாம்மான்னு கேட்டு, எந்த அம்மனுக்கு எந்த வருசம் அலங்காரம் நல்லாருந்துச்சுன்னு அரை மணி நேரம். எனக்கு பஸ்ஸு போயிட்டு.

கடையத்துப் பேரன்:
மைனி சொன்னதப் பாத்ததும் எனக்கு பொட்டல்புதூர் ஞாபகம். அம்பாசமுத்திரத்துல இருந்து தென்காசி போற ரோட்டுல முகைதீன் ஆண்டவர் தர்கா, உள்ள கால வச்சா கல்தூண் மண்டபம், நம்ம கோயில் மாதிரியே இருக்கும். எங்கம்மா வருசா வருசம் நேர்ச்சைக்குப் போவா. பக்கத்துல தலைல முக்காடு போட்ட ஒரு பாட்டி, "நீங்க எந்த ஊரு, யாருக்கு உடம்புக்கு?"ன்னு கேட்டாவ, தம்பிக்குன்னு சொன்னதும் அவங்க பேத்திக்கு வேண்டுனத விட்டுட்டு முதல்ல தம்பிக்கு துவா கேட்டாவ. அம்மா இப்பயும் அந்தப் பாட்டியத்தான் கேப்பா, தம்பி டிப்ளமா முடிச்சு வேலைக்குப் போயிட்டான்.

ஆத்தங்கரை:
எல்லாரும் ஆளச் சொன்னீய, நான் ஆத்தச் சொல்லுதேன். குறுக்குத்துறை முருகன் கோயில் தாமிரபரணிக்குள்ளயே கெடக்கு, வெள்ளத்தப் பிரிச்சு விடுத மாதிரி முகப்பக் கட்டிருக்காவ. திருச்செந்தூர் மூலவர் சிலைக்கே கல்லு இங்க வெட்டுனதுன்னு சொல்லுதாவ. தண்ணி ஏறுனா உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குத் தூக்கிருவாவ, மூலவர் தண்ணிக்குள்ளயே இருப்பாரு. 2023 டிசம்பர் வெள்ளம் வடிஞ்ச பொறவு போனேன், மண்டபம் பூரா சகதி, துணி துவைக்க வார ஒரு அண்ணாச்சி மம்பட்டியோட நின்னாரு. கோயில் ஆளான்னு கேட்டேன். "இல்ல வே, இங்கதான் தெனம் குளிக்கேன், வாடகை குடுக்க வேண்டாமா"ன்னாரு. நானும் செருப்பக் கழட்டி இறங்கிட்டேன், முதுகு வலி ஒரு வாரம்.

மதுரைக்காரி:
அண்ணாச்சி, இதெல்லாம் ஒரே நாள்ல பாத்துற முடியுமா? கூட வயசான மாமியார் இருக்காங்க.

டவுன்காரன்:
முடியாதும்மா, ஓடாதீய. மத்தியானம் கோயில் நடை சாத்திருவாவ, அந்த நேரம் பாளை ரெண்டு சர்ச்சும் பாத்துட்டு சாப்டுட்டு, சாயந்தரம் டவுனுக்கு வாங்க. பொட்டல்புதூர் போற அன்னைக்கு பாபநாசத்தையும் சேத்துக்கிடுங்க. மாமியார்க்கு படி ஏற முடியுமான்னு மட்டும் சொல்லுங்க, குறுக்குத்துறைய அதப் பொறுத்துதான் வைக்கணும்.