புதுப்பிப்பு: உவர்மலை விறாந்தையிலிருந்து தாராவைப் பார்த்தோம்

இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்திலுள்ள, தாரா என்ற பௌத்தப் பெண் தெய்வத்தின் சிலையை, பயணம் செய்ய முடியாத அம்மாவுக்கு எப்படிக் காட்டுவது என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். "கைபேசியில் காட்டுங்கள், அந்த ஒரு சிலையை மட்டும்" என்று ஒருவர் எழுதினார். அவருக்குக் கோடி நன்றி.

நேற்றுப் பிற்பகல் மூன்று மணிக்கு, திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்து பேர் கூடினோம். இலண்டனில், அருங்காட்சியகத்தின் 33ஆம் கூடத்தில் கைபேசியோடு அக்காவின் மகள். விளக்கப் பலகையை வாசிக்க வேண்டாம், அம்மம்மா கேட்கும் இடத்தை மட்டும் காட்டு என்று சொல்லியிருந்தோம். வழிகாட்டி அம்மாதான்.

"வலக்கையைக் காட்டு பிள்ளை." உள்ளங்கை வெளியே திரும்பி, விரல்கள் தாழ்ந்து, வரம் கொடுக்கும் கை. விரல் நுனியில் பொன்முலாம் மின்னியது. அம்மா தன் கையையும் அப்படியே பிடித்துப் பார்த்தார். பிறகு இடக்கை. "இதில் ஒரு தாமரை இருந்திருக்கும்" என்றார். ஆய்வாளர்களும் அப்படித்தான் கருதுகிறார்கள். அந்த இரண்டு கைகளிலேயே இருபது நிமிடம் போய்விட்டது.

பலகையைக் கடைசியில் வாசித்தாள். 8ஆம் நூற்றாண்டு வெண்கலம், 143 செ.மீ. உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிடைத்தது. இலங்கையின் முன்னாள் பிரித்தானிய ஆளுநர் பிரவுன்றிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

"எங்கள் கரைப் பிள்ளை" என்றார் அம்மா. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தாரா இங்கே திரும்பி வரவேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இதன் பிரதி இருக்கிறது. அடுத்த மாதம் அம்மாவை அங்கே அழைத்துப் போகிறேன்.