சூடிஸ் பாரடாக்சா: சுருங்குதவளையா, முரண்தவளையா?

ஐயா, வணக்கம்.

சூடிஸ் பாரடாக்சா என்ற தென்னமெரிக்கத் தவளைக்குத் தமிழ்ப் பெயராக நேற்று நீங்கள் சொன்ன 'சுருங்குதவளை' காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது தரும் சேதி சரியில்லை. இதன் தலைப்பிரட்டை 25 செ.மீ. வரை வளரும், தவளையோ ஏறக்குறைய 7 செ.மீ.தான். சுருங்கியது போலத் தோன்றும். ஆனால் அந்த 25இல் பெரும்பகுதி வால். வால் உடம்புக்குள் கரைந்துபோக, மிஞ்சுவது கிட்டத்தட்ட முழு வளர்ச்சி பெற்ற தவளை. மற்றத் தவளைகள் பொடிசாகக் கரையேறி, அப்புறம் பெரிதாக வளரும். இது தலைப்பிரட்டையாக இருக்கும்போதே வளர்ந்து முடித்துவிடுகிறது.

தவளைதான் மீனாக மாறுகிறது என்றே ஐரோப்பாவில் ஒருகாலத்தில் நம்பினார்கள். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ் 1758இல் வைத்த 'பாரடாக்சா' (முரணானது) அந்தப் புதிரைத்தான் சொல்கிறது. ஆகவே 'முரண்தவளை' போதும் என்பது என் கட்சி.

'அமேசான் நீர்த்தவளை' என்ற பெயரும் வேண்டவே வேண்டாம். வெனிசுவேலாவின் லானோஸ் சமவெளிக் குட்டைகளிலும் கயானா நாடுகளிலும் டிரினிடாட் தீவிலும் இருப்பதை ஓர் ஆற்றோடு எப்படிக் கட்டுவது? பராகுவே, வட அர்ஜென்டினாப் பக்கத்துத் தவளையை முன்பு இதன் துணையினம் என்றார்கள். இப்போது அது 'பிளாடென்சிஸ்' என்ற தனிச் சிற்றினம்.

குடும்பப் பெயர்தான் தலைவலி. சூடிடே என்று தனிக் குடும்பமாகக் குடித்தனம் நடத்தியதை ஹைலிடே குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். ஹைலிடேயை 'மரத்தவளைக் குடும்பம்' என்கிறோம். இதுவோ தண்ணீரை விட்டு ஏறாத பிராணி! போதாததற்கு, நம் மேற்குத் தொடர்ச்சி மலை மரத்தவளைகள் வேறு குடும்பம், ராக்கோபோரிடே. எனவே 'ஹைலிடே' என்றே எழுதிவிடலாம்.

இந்தத் தவளையின் விரலில், கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவே நீளமான ஓர் எலும்பு கூடுதலாக இருக்கிறது. அதை 'இடைச்செருகெலும்பு' எனலாமா? வெறும் 'இடைச்செருகல்' என்றால், பழம்பாடல்களில் பிறர் நுழைத்த வரிகளை அப்படிச் சொல்லும் சுவடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

*

தம்பி, வால் கணக்கை நான் யோசிக்கவில்லை. 'சுருங்குதவளை'யைத் திரும்பப் பெறுகிறேன். இடைச்செருகெலும்பும் சரி. ஆனால் முரணும் தவளையும் நன்னூல்படி புணர்ந்தால் 'முரண்டவளை'. படிக்கிறவன் 'முரண்டு பிடிக்கிறவளை' என்று எடுத்துக்கொள்வான். இடைவெளி விட்டு 'முரண் தவளை' என்றே பட்டியலில் ஏற்றுங்கள்.