ஹீட்டிங் பம்ப், வால்வு மாற்ற முழுத் தண்ணீரையும் இறக்கணுமா?

வெம்பிளிவாசி:
லாஃப்டில் சின்னத் தொட்டி உள்ள பழைய ஹீட்டிங். எஸ்-பிளான், அதாவது வெந்நீர் சிலிண்டருக்கு ஒன்று, ரேடியேட்டர்களுக்கு ஒன்று என இரண்டு மோட்டார் வால்வு. வெந்நீர் சிலிண்டர் சூடாகிறது, ரேடியேட்டர்கள் ஜில்லென்று இருக்கின்றன. பம்ப் கரகரக்கிறது. பம்பையும் ரேடியேட்டர் பக்க மோட்டார் வால்வையும் மாற்ற நினைக்கிறேன். தண்ணீரை இறக்காமல் முடியுமா?

செப்புக்குழாய்:
தாராளமாக. பம்பின் இருபுறமும் உள்ள அடைப்பு வால்வுகளை மூடி நட்டைக் கழற்றினால் கொஞ்சம்தான் சிந்தும். 130 மி.மீ. நீளம், ஒன்றரை அங்குல மரை, 6 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளும் திறன்) என்று கேட்டு வாங்குங்கள். வாஷர் புதிதாகப் போடுங்கள். மோட்டார் வால்வுக்கு மேலே உள்ள மோட்டார் தலையை மட்டும் மாற்றலாம், ஒரு சொட்டும் இறக்க வேண்டாம். முதலில் மின்சாரத்தை நிறுத்தி 3 ஆம்பியர் ஃப்யூஸை எடுத்துவிடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
தம்பி, அந்த அடைப்பு வால்வை நம்பிக் கை வைக்காதீங்க. வருஷக்கணக்கா அசையாத கேட் வால்வு (தகடு இறங்கி மூடுற வகை) முழுசா மூடாது. திருகினா கழுத்துல கசியும். மூடவில்லைங்கிறது நட்டைக் கழற்றின பிறகுதான் தெரியும், அப்போ மாடித் தண்ணீர் முழுக்கத் தரையில. தலை மட்டும் போதுமான்னு முடிவு பண்ணுமுன் அதைக் கழற்றி, அடியில இருக்கிற வால்வுத் தண்டைத் திருப்பிப் பாருங்க. இறுகியிருந்தா பழுது பித்தளை உடல்ல. புதுத் தலை போட்டா அதன் மோட்டாரும் சீக்கிரம் போயிடும்.

செப்புக்குழாய்:
தண்டுச் சோதனை சரி. ஆனால் பம்பை ஏன் சந்தேகிக்கணும்? இரண்டு பக்கத்துக்கும் ஒரே பம்ப்தான், சிலிண்டர் சூடாகிறதே! வெந்நீரை ஆன் செய்துவிட்டு ரேடியேட்டர் வால்வின் நெம்பைக் கையால் நகர்த்தித் திறந்த நிலையில் மாட்டுங்கள். பல வால்வுகளில் கையால் திறந்தால் பம்பையும் பாய்லரையும் ஓடவைக்கும் உள் சுவிட்ச் இயங்காது, அதனால்தான் வெந்நீர் ஓடணும். ரேடியேட்டர் சூடானால் பம்பை விடுங்கள்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
சிலிண்டர் சூடாகுறது பம்ப் நல்லா இருக்குன்னு சாட்சி இல்ல. பக்கத்துல இருக்கிற சிலிண்டர் சுருளுக்குத் தளர்ந்த பம்பும் போதும், எல்லா ரேடியேட்டருக்கும் போதாது.

வெம்பிளிவாசி:
நெம்பு நகரவே இல்லை. தலையைக் கழற்றினேன், தண்டு குறடுக்கும் அசையவில்லை. ஒரு ரேடியேட்டரின் காற்றுத் திருகில் கறுப்புத் தண்ணீர் வருகிறது.

செப்புக்குழாய்:
அப்படியானால் உடலோடு மாற்றம்தான். அதற்கும் முழுசாக இறக்கத் தேவையில்லை. தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் ஃபீட் வாயில் ஒரு ரப்பர் அடைப்பான், காற்றுப்போக்கான வென்ட் குழாய் முனையில் இன்னொன்று. காற்று புகாவிட்டால் தண்ணீர் குழாயிலேயே நிற்கும். 22 மி.மீ. வால்வு, புது ஆலிவ் (குழாயை இறுக்கும் உலோக வளையம்), அம்புக்குறி நீரோட்டத் திசையில்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
சுத்தமான தண்ணீர்னா நானும் அடைப்பான்தான் சொல்லியிருப்பேன். கறுப்புன்னா அது மேக்னடைட், துருப்பிடிச்ச இரும்புத் துகள். இப்போ விற்கிற பம்ப்ல சுழலி நிரந்தரக் காந்தம், அதுல போய் ஒட்டிக்கும். தொட்டியின் மிதவையைத் தூக்கிக் கட்டி, கீழே வடிகால்ல ஹோஸ் மாட்டி எல்லாத்தையும் இறக்குங்க. தெளியும்வரை அலசுங்க. அடைப்பு வால்வுகளை, துளையுள்ள குண்டு திரும்பி மூடுற பால் (ball) வால்வா மாத்துங்க, பம்ப் தண்டு கிடைமட்டமா இருக்கணும். நிரப்பும்போது 1 லிட்டர் இன்ஹிபிட்டர் (துருத்தடுப்பு மருந்து) ஊத்துங்க.

செப்புக்குழாய்:
அலசுவதை ஏற்கிறேன். பம்பை மட்டும் இப்போது தொடாதீர்கள். அலசிய பிறகு காற்றை எடுத்து ஓடவிடுங்கள், சத்தம் காற்றாலும் வரும்.

ஈஸ்ட்ஹாம் அக்கா:
அடைப்பு வால்வையாவது இப்பவே மாத்திடுங்க. பம்ப் பிறகு போனாலும் மறுபடி இறக்க வேண்டி வராது.