ரேடியேஷனுக்குப் பிறகு சிறுநீரில் ரத்தம்: ஆக்சிஜன் சேம்பர் சிகிச்சை எடுத்தவர்கள் உண்டா?

வணக்கம். அம்மாவுக்குக் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. நோய் திரும்பவில்லை. ஆனால் இப்போது சிறுநீரில் ரத்தம் போகிறது. சில நாள் கட்டியாக வந்து அடைத்துக்கொள்கிறது. பஸ்ஸில் போகிற நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன் என்கிறார்.

ரேடியேஷனில் சிறுநீர்ப்பையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டுப்போனதுதான் காரணமாம். ஹைபர்பேரிக் ஆக்சிஜன் பார்க்கலாம் என்கிறார் யூராலஜி டாக்டர். அழுத்தம் கூட்டிய அறைக்குள் சுத்தமான ஆக்சிஜன், தடவைக்கு ஒன்றரை மணி நேரம், 30 முதல் 40 தடவை. 2019இல் வந்த நார்டிக் நாடுகளின் ஆய்வில் சிறுநீர்ப்பைத் தொல்லை நன்றாகக் குறைந்திருக்கிறது. குடல் தொல்லைக்கு 2016 பிரிட்டன் ஆய்வில் பலன் தெரியவில்லை. அம்மாவுக்கு அதுவும் கொஞ்சம் உண்டு, சரி, அதை விட்டுவிடுவோம்.

எடுத்தவர்கள் சொல்லுங்கள்: எத்தனையாவது வாரத்தில் ரத்தம் குறைந்தது? மலைப்பாதை பஸ்ஸிலேயே அம்மாவுக்குக் காது வலிக்கும். உள்ளே எப்படிச் சமாளித்தீர்கள்? படுக்கும் ஒற்றை ஆள் சேம்பரா, பலர் உட்காரும் அறையா? அப்புறம், தினமும் போய்வரும் சிகிச்சைக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்ததா? இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்யும் ஊதுபை சேம்பர் இடங்கள் வேண்டாம். அதில் இந்த அளவு அழுத்தம் வராது. மதுரை, திருச்சி பக்கம் என்றால் ரொம்ப நல்லது.